மூக்குக்கண்ணாடிக் கடையில் பட்டுப்புழு

அன்புள்ள பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் பேனாவைத் திறந்திருக்கிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். நான் என்ன செய்ய? நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் 'ம்' என்பதற்குள் மாப்பிள்ளை ஒரு கருத்து சொல்கிறார். நீ அதை மறுக்கிறாய். பின்னால் மிக்ஸி ஓடுகிறது. கடைசியில் எதற்கு 'ம்' சொன்னேன் என்று எனக்கே தெரிவதில்லை. கடிதம் என்றால் நான் முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது பார்.

மாடி அறையை எனக்காக ஒழித்து வைத்திருப்பதாகச் சொன்னாய். கடையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்திருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். இரண்டும் சந்தோஷம். போன வருஷம் காய்ச்சலில் நான் கதவைத் திறக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் பூட்டை உடைத்து உள்ளே வந்ததும், நீ போட்ட துணியோடு ரயிலேறி வந்ததும் எனக்கு மறக்கவில்லை. 'இனிமே நீ தனியா இருக்கக் கூடாது' என்று அன்றைக்கு நீ சொன்னாய். சரி என்றேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் இப்போதைக்குக் கிளம்ப முடியாதபடி ஒரு சிக்கல். அதற்கு உன் மகள்தான் பொறுப்பு.

லீவுக்கு வந்த வாலு, ஊருக்குப் போகும்போது என் மேஜை டிராயரில் ஒரு காகிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பிரித்துப் பார்த்தால் கசகசாவை ஒட்டி வைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் புள்ளிப் புள்ளியாக இருந்தது. குப்பையில் போடப் போன நேரத்தில் போன் வந்தது. "மாமா, அது பட்டுப்பூச்சி முட்டை. காலேஜ் லேப்ல குடுத்தாங்க. ஹாஸ்டல்ல வளர்க்க விட மாட்டாங்க. தூக்கிப் போட்டுடாதீங்க. சும்மா இலை போட்டா போதும், அதுங்களே வளர்ந்துக்கும்" என்கிறாள். நீயும் அப்படித்தானே வளர்ந்தாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

நான் என்னவோ விளையாட்டு என்று நினைத்துக் காகிதத்தை ஜன்னல் ஓரமாக வைத்திருந்தேன். முந்தாநாள் காலையில் கடையைத் திறந்தால் புள்ளிகள் வெளுத்துக் கிடக்கின்றன. பக்கத்தில் கறுப்பாக ஏதோ நெளிகிறது. கண்ணாடி வில்லைகளில் கீறல் பார்க்க வைத்திருக்கும் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தேன். பாப்பா, நறுக்கிப் போட்ட கறுப்பு நூல் துண்டு மாதிரி, உடம்பெல்லாம் மயிரோடு, ஒவ்வொன்றும் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. பசி என்று எனக்கே தெரிந்தது.

பிறகுதான் ஓட்டம். மல்பெரி இலையைத் தவிர எதையும் தொடாது என்று வாலு போனில் சொல்லிவிட்டாள். நான் நம்பவில்லை. காய்கறிக் கடையில் இருந்த கீரை அத்தனையிலும் ஒவ்வோர் இலை கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். பாகற்காயைப் பார்த்த மாப்பிள்ளை மாதிரி எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடைசியில் கண்ணாடியின் திருகாணி கழன்று விழுந்துவிட்டது என்று வந்த தபால்காரர்தான், குடிநீர் பம்பு நிலையத்துக் காம்பவுண்டுக்குள் ஒரு மல்பெரி மரம் இருப்பதாகச் சொன்னார்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போனேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம். தட்டினேன். காக்கிச் சட்டை போட்ட ஒரு அம்மா கையில் பெரிய ஸ்பேனரோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "தண்ணி வரலன்னா ஆபீஸ்ல போய் எழுதிக் குடுங்க! இங்க வந்து கத்தாதீங்க!" என்று அவர்தான் கத்தினார். மோட்டார் சத்தத்தில் பேசிப் பேசி அந்த அம்மாவுக்குக் குரலே அப்படியாம். தெருவில் 'மோட்டாரம்மா' என்றுதான் பேர்.

தண்ணீர் இல்லை, இலை வேண்டும் என்றேன். "இலையா? ஆட்டுக்கா?" என்றார். புழுவுக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "புழு வந்தா மருந்துதான் அடிப்பாங்க. நீங்க சாப்பாடு போடறீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டைத் திறக்காமலேயே ஒரு கொப்பை ஒடித்துக் கம்பி வழியாக நீட்டினார்.

இலையைப் பொடியாக நறுக்கித் தூவினேன். அரை மணியில் சல்லடை மாதிரி ஓட்டை. எனக்கு என்னமோ வீட்டுக்கு விருந்தாளி வந்து நன்றாகச் சாப்பிட்ட மாதிரி ஒரு திருப்தி. ஆகவே பாப்பா, இந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஒரு வழியாகும் வரை பொறுத்துக்கொள். பிறகு வருகிறேன். கடையை வாங்க வந்த ஆளையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்படி மாப்பிள்ளையிடம் சொல்.

அன்புடன்,
அண்ணன்

*

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதில் சந்தோஷம். படிக்கட்டில் அவரை ஓட விடாதே. அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். உன் இஷ்டம். நான் சொன்னாலும் நீ உனக்குப் பிடித்ததைத்தான் அடிப்பாய்.

புழுக்கள் இப்போது வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. மூன்று அட்டைத் தட்டுகளில் பிரித்து வைத்திருக்கிறேன். எறும்பு வராமல் இருக்க மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியாகிவிட்டது. சுவரில் இருக்கிற பல்லிக்கும் எனக்கும் தினமும் தகராறு.

கடைக்கு இவற்றால் நல்ல பெயர் வந்திருக்கிறது, கேட்டுக்கொள். முன்பெல்லாம் படிக்கிற கண்ணாடி மாட்டிவிட்டால் பழைய செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். வருகிறவர்கள் படித்துவிட்டு உம்மென்று போவார்கள். இப்போது கண்ணாடியை மாட்டிப் புழுத் தட்டைக் காட்டுகிறேன். "கால் தெரியுதா? பக்கவாட்டுல புள்ளி தெரியுதா?" என்று கேட்கிறேன். தெரிந்தால் பவர் சரி. ரிட்டயர்டு பாங்க் மேனேஜர் ஒருவர் கண்ணாடி வாங்கிய பிறகும் தினமும் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவர் வீட்டம்மா போன் செய்து, புழு தூங்கிவிட்டால் அவரை அனுப்பி வைக்கச் சொல்கிறார்.

தூங்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. போன வாரம் எனக்கு உயிரே போய்விட்டது. காலையில் வந்து பார்த்தால் ஒரு புழுவும் அசையவில்லை. தலையைத் தூக்கியபடி சிலை மாதிரி நிற்கின்றன. போட்ட இலை போட்டபடி கிடக்கிறது. மரத்துக்கு யாரோ மருந்து அடித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் பம்பு நிலையத்துக்கு ஓடினேன். "என் மரத்துலயா? மருந்தா?" என்று அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் திருடன் மாதிரி திரும்பி வந்தேன். அப்புறம் வாலுவிடம் கேட்டால், அது சட்டை உரிக்கப் போகிறதாம். அதற்கு முன்னால் இப்படித்தான் பட்டினியாக நிற்குமாம். மறுநாள் பழைய தோலைக் கால்சட்டை கழற்றுகிற மாதிரி பின்னால் தள்ளிவிட்டு, பெரிய பசியோடு எல்லாம் எழுந்துகொண்டன.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு நான் இலைக்குப் போனபோது அந்த அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே, "எழுந்துச்சா?" என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. எழுந்துவிட்டது என்று நானும் கத்தினேன்.

அவருக்குப் புழு என்றாலே ஆகாது. கை கால் உதறுமாம். ஆனால் இலை ஈரமாக இருந்தால் புழுவுக்கு வயிறு கெட்டுவிடும் என்று நான் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அங்கே ஒரு வால்வு ஒழுகி, மரத்தின் பாதி எப்போதும் நனைந்தே இருக்கிறது. இப்போதெல்லாம் அவர் தரும் பையில் இலைகள் துடைத்துக் காயவைத்து, சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கின்றன. ஒவ்வோர் இலையாகத் துடைத்தால்தான் அப்படி இருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். தொழில் புத்தி, எங்கே போனாலும் விடாது. பம்பில் இருக்கிற முள்மீட்டரை அவர் நேராகப் பார்ப்பதில்லை. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அப்புறம் ஒரு குத்துமதிப்பாக எழுதிக்கொள்கிறார். கண்ணாடி போட வேண்டும் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. வியாபாரம் பிடிக்க வந்தேன் என்று நினைத்துவிட்டால்? இலைப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

'யார் அந்த அம்மா, கடிதம் பூராவும் வருகிறார்?' என்று நீ கேட்டிருந்தாய். சொன்னேனே, பம்பு இயக்குகிறவர். கல்யாணம் என்று ஒன்று நடந்ததாம், ஒரு வருஷம்கூட நிற்கவில்லையாம். கை கழுவிக்கொண்டே, கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதம் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

எங்கள் தெருவில் கொசு அதிகமாகிவிட்டது என்று புகை அடிக்க வண்டி வரப்போவதாக மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். கொசுவைக் கொல்கிற புகை புழுவை விடுமா? கதவு இடுக்கில் துணியைத் திணித்துப் பார்த்தேன். ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டிப் பார்த்தேன். நம் கடையில்தான் காற்று எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதே. ஜெராக்ஸ்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து, கல்யாண கேக்கைப் பிடிக்கிற மாதிரி மூன்று தட்டுகளையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வேறெங்கே போவது? பம்பு நிலையத்துக்குத்தான்.

அந்த அம்மா தட்டைப் பார்த்ததும் மூன்றடி பின்னால் போனார். புழுக்கள் இப்போது என் சுண்டுவிரல் நீளம். விஷயத்தைச் சொன்னேன். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அறையைத் திறந்து, மேஜையைத் துடைத்து, "வச்சிட்டுப் போங்க. என்னைத் தொடச் சொல்லக் கூடாது" என்றார்.

புகை வண்டி ஒரு தடவையோடு நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்க வந்தது. காலையும் மாலையும் நான் போய் வந்தேன். நான் இல்லாத நேரத்தில் அவர் சமையல் இடுக்கியால் இலையைப் பிடித்து, கையை நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போடுவார். ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்துச் சிரித்துவிட்டேன். "சிரிங்க, சிரிங்க. நாளைக்கு நீங்களே வந்து போட்டுக்கங்க" என்றார். மறுநாளும் அவர்தான் போட்டார்.

ஒரு சாயங்காலம் நடந்ததைக் கேள். நான் புழுக்களுக்கு இலை நிரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று அவர் மோட்டாரை நிறுத்தினார். நிறுத்தியதும் படபடவென்று சத்தம். "ஐயோ, மழை!" என்று ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த காக்கிச் சட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். வெளியே வெயில் பளீரென்று அடிக்கிறது. மூன்று தட்டுப் புழுவும் ஒரே நேரத்தில் இலையைக் கடிக்கிற சத்தம் அது! மோட்டார் இரைச்சலில் இத்தனை நாள் அவருக்குக் கேட்கவில்லை. துணிமூட்டையை அணைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார் பார், அந்த மாதிரிச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை போன். கடை வாங்குகிற ஆள் அவசரப்படுகிறாராம், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். அவருக்கும் குரல் கொஞ்சம் பெரிசுதானே, அறை முழுக்கக் கேட்டது. போனை வைத்ததும் அந்த அம்மா கேட்டார், "கடையக் குடுக்கறீங்களா?" ஆமாம், தங்கச்சி வீட்டோடு போய்விடலாம் என்று இருக்கிறேன் என்றேன். "நல்லதுதானே. தங்கச்சின்னா நல்லா பாத்துப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய், சற்றுமுன்தான் நிறுத்திய மோட்டாரைத் திரும்பவும் போட்டுவிட்டார். அதற்கு மேல் யார் பேசினாலும் காதில் விழாது.

மறுநாள் புகை நின்றுவிட்டது. தட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அதிலிருந்து நான் இலைக்குப் போனால் பை கேட்டில் தொங்குகிறது. உள்ளே இலை எப்போதும்போலத் துடைத்து அடுக்கியிருக்கிறது. அவரைக் காணோம். கூப்பிட்டால் மோட்டார்தான் பதில் சொல்கிறது.

நான் எதுவும் தப்பாகப் பேசவில்லை பாப்பா. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். நீயும் பெண்பிள்ளை. உனக்கு ஏதாவது புரிகிறதா?

புழுக்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன. எனக்குத்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பித்தம் என்று நினைக்கிறேன்.

அண்ணன்

*

அன்புள்ள பாப்பா,

ஒற்றை வரியில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. 'ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறாய், உன் கண்ணை யாரிடம் காட்டுவது அண்ணா?' இவ்வளவு தூரம் தபாலில் அனுப்புவதற்கு இது ஒரு வரியா? படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பாங்க் மேனேஜர் என்ன விசேஷம் என்று கேட்டார். பித்தம் என்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். புழுக்கள் திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டன. இந்தத் தடவை நான் பயப்படவில்லை. உடம்பு மெழுகு மாதிரி மஞ்சளாகி, வெளிச்சத்தில் வைத்தால் உள்ளே தெரிகிற மாதிரி ஆனது. தலையைத் தூக்கி எட்டுப் போடுகிற மாதிரி ஆட்டிக்கொண்டு மூலை தேட ஆரம்பித்தன. ரொட்டிக் கடையிலிருந்து முட்டை அடுக்குகிற அட்டைகளை வாங்கிவந்து வைத்தேன். ஒவ்வொரு குழியிலும் ஒன்றாகப் போய் உட்கார்ந்து நூல் விட ஆரம்பித்தது. வாயிலிருந்து வருகிற நூலை இப்படி இழுத்து அப்படி ஒட்டி, சோம்பலே கிடையாது. முதலில் கொசுவலைக்குள் இருக்கிற மாதிரி மங்கலாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல ஆள் மறைந்துபோகும்.

இனி இலை வேண்டாம். இதைச் சொல்லவாவது அவரைப் பார்க்க வேண்டும் என்று பம்பு நிலையத்துக்குப் போனேன். பை தொங்கியது. ஆள் இல்லை. காகிதத்தில், 'இனி இலை தேவையில்லை, கூடு கட்ட ஆரம்பித்துவிட்டன, மிகவும் நன்றி' என்று எழுதிப் பைக்குள் போட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஏதோ கடன்காரனிடம் வாய்தா சொல்லிவிட்டு வருகிறவன் மாதிரி நடந்தேன்.

அன்று மத்தியானமே கடை வாசலில் காக்கிச் சட்டை. நம் கடைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே, "கண்ணு டெஸ்ட் பண்ணணும். மேலதிகாரி வந்து, மீட்டர்ல எழுதறது எல்லாம் தப்பா இருக்குன்னுட்டாரு" என்றார். பாங்க் மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துபோனார். அவருக்கு வீட்டில் வேலை இருந்து நான் பார்த்ததில்லை.

நாற்காலியில் உட்காரவைத்தேன். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டினேன். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் பவர் சேர்ந்ததும், வழக்கம்போல, புழு இருக்கிற முட்டை அட்டையை எடுத்து முன்னால் வைத்தேன். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அவருக்குப் புழு ஆகாதே என்று. பின்னால் இழுக்கப் போனேன். "இருங்க" என்றார்.

குனிந்து பார்த்தார். பாதி கட்டிய கூட்டுக்குள் ஒரு புழு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. "இதுக்கு மூஞ்சி இருக்கே!" என்றார். இவ்வளவு நாளும் அவர் இடுக்கியால் இலை போட்டது ஏதோ நெளிகிற வெள்ளைக்குத்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கு நெத்தியில தழும்பு இருக்கா?" என்று கேட்டார். சின்ன வயதில் தங்கச்சி தள்ளிவிட்டது என்றேன். "அந்தத் தங்கச்சி வீட்டுக்கா போகப் போறீங்க?" என்றார்.

அவருடைய வில்லையைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். அதில் தூசியே இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"கூடு கட்டினப்புறம் என்ன ஆகும்?" என்றார். பூச்சியாகி வெளியே வரும் என்றேன். "அப்புறம்?" முட்டை இடும் என்றேன். "அந்த முட்டைய யாரு பாத்துக்குவாங்க?" அதைத்தான் யோசிக்கிறேன் என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன் போல, எதிரே இருப்பவருக்கு மோட்டார் பக்கத்திலேயே இருந்து மந்தமான காது. ஆனால் கேட்டுவிட்டது.

"நல்லா யோசிங்க. ஆனா நான் புழுவத் தொட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். இலை மட்டும்தான்."

இதைச் சொல்லிவிட்டு, தங்க நிறத்தில் எதுவும் வேண்டாம், கறுப்புச் சட்டமாகப் போடுங்கள், வியர்வையில் நழுவக் கூடாது என்று ஆர்டர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பாப்பா, நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. உன்னிடம் கேட்காமல் சொல்லவும் மாட்டேன். உன் பதில் வரட்டும்.

அண்ணன்

*

என் அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் வருகிற வழியாகத் தெரியவில்லை. போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுத்தார். நீ மாடியில் இருக்கிறாய், கடைக்குப் போயிருக்கிறாய், குளிக்கிறாய் என்றார். இந்த வயதில் ஒரு நாளில் எத்தனை தடவை குளிப்பாய்? கடைசியில் நேற்று உன் கடிதம் வந்தது. கையெழுத்து அங்கங்கே நனைந்து கலைந்திருக்கிறது. நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாய். 'அவருக்கு அண்ணியைப் பற்றித் தெரியுமா?'

தெரியும் பாப்பா. கண்ணாடி வாங்க வந்தபோது கடைச் சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்தார். நான் முதன்முதலில் என் கையால் சட்டம் பூட்டிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் அண்ணி நிற்பாளே, அந்தப் படம். "யாரு இவங்க, கண்ணாடிய இவ்ளோ ஸ்டைலா போட்டிருக்காங்க?" என்றார். சொன்னேன். நீயும் அவளும் சேர்ந்து என்னைப் படுத்திய பாடு, ஆஸ்பத்திரியில் நீ அவள் தலைமாட்டிலேயே கிடந்தது, எல்லாம் சொன்னேன். எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, "இவங்க இருந்திருந்தா கடைக்குள்ள புழுவ விட்டிருப்பாங்களா?" என்று கேட்டார். முதலில் புழுவை, பிறகு என்னை வெளியே தள்ளியிருப்பாள் என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உன் அண்ணியைப் பற்றிப் பேசி நான் சிரித்தது இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான். படத்தை நிமிர்ந்து பார்த்தேன். எனக்குக் கூச்சமாக இல்லை.

படம் அந்தச் சுவரிலேயேதான் இருக்கும். அதை நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

பூச்சிகள் வந்துவிட்டன. கூட்டின் ஒரு நுனி ஈரமாகி, அதிலிருந்து நனைந்த பஞ்சு மாதிரி ஒன்று தள்ளிக்கொண்டு வந்தது. காய்ந்ததும் மாவில் புரண்ட மாதிரி வெள்ளை இறக்கை. பறக்கத் தெரியாது. சாப்பிட வாயே கிடையாது. ஆண்பூச்சி இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, பெண்பூச்சி இருக்கிற இடத்தைத் தேடிச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. கூட்டை வெந்நீரில் போட்டால் முழு நூலும் வரும் என்று ஜெராக்ஸ்காரர் முதலில் யோசனை சொன்னார். கையால் வளர்த்ததை வெந்நீரில் போட எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடி விற்கிறவனுக்கு எதற்குப் பட்டு? ஓட்டைக் கூடுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. முட்டைகள் முதலில் மஞ்சளாக இருந்தன, இப்போது நிறம் மாறிக்கொண்டு வருகின்றன.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லு. கடை வாங்க வந்தவரிடம் இப்போதைக்கு விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லச் சொல். மாப்பிள்ளைக்கு வருத்தம் இருக்கும், எனக்காக எவ்வளவோ அலைந்தார். நான் தனியாக வந்து அவரிடம் பேசுகிறேன். அந்த மாடி அறையில் நீங்கள் காற்றாட உட்காருங்கள். என்ன நிறம் அடித்தாய் என்று நீ சொல்லவே இல்லையே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பம்பு நிலையத்தில் அவர் கேட்டார், "உங்க வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" பெரியவர்கள் யாரும் இல்லை, எனக்கு இளையவள் ஒருத்தி இருக்கிறாள், ஆனால் எல்லாவற்றிலும் அவள்தான் பெரியவள் என்றேன். "என் பக்கத்துல கேக்கறதுக்கு ஆள் கிடையாது. என்னை நானேதான் கேட்டுக்கணும். கேட்டுட்டேன். உங்க தங்கச்சிய ஒரு தடவை வரச் சொல்லுங்க, பம்பு நிலையத்தைச் சுத்திக் காட்டறேன்" என்றார்.

ஒரு பம்பு நிலையத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நீ கேட்கலாம். இரண்டு மோட்டார், ஒரு ஒழுகல் வால்வு. இருந்தாலும் நீ வந்து பார்த்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும். நீ வராமல் நான் ஓரடி எடுத்து வைக்க மாட்டேன். அது உனக்குத் தெரியும். உன் அண்ணியை நீ அக்கா என்றுதான் கூப்பிட்டாய். இன்னொருவரை அப்படிக் கூப்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். உனக்கு என்ன கூப்பிட வருகிறதோ கூப்பிடு. ஒன்றும் கூப்பிட வரவில்லை என்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. மீதியை அவரே கத்திப் பேசிக்கொள்வார்.

எந்த ரயில் என்று மட்டும் எழுது. பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறேன். பக்கத்தில் இன்னொருவர் நின்றால், இறங்கும்போதே முகத்தை நல்லபடியாக வைத்துக்கொண்டு இறங்கு, பாப்பா. உன் முகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

உன் அண்ணன்